லத்தீன் பூசைக்குப் போகும் குடும்பம், மகளை அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா?

சகோதரி, உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். டாலஸ் பக்கம் இருக்கிறீர்கள், சில வருடங்களாகக் குடும்பமாகப் பழைய லத்தீன் பூசைக்கு (1960களின் மாற்றங்களுக்கு முன்பிருந்த முறை) போகிறீர்கள், மூத்த மகள் அடுத்த வருடம் பள்ளி முடிக்கிறாள், நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். பூசைக்கு வரும் குடும்பங்கள் சிலர், இன்றைய பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் விசுவாசம் போய்விடும், சின்னக் கத்தோலிக்கக் கல்லூரிக்கு அனுப்புங்கள் அல்லது வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், பெண்பிள்ளைக்குப் பல்கலைக்கழகமே கூடாது, அதுதான் திருச்சபையின் போதனை என்று சொல்லியிருக்கிறார். உங்கள் கணவருக்கு இதில் எதுவும் ஒப்புதல் இல்லை. கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. "அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால் பாவமா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். எனக்குப் பட்டவரை நீங்கள் கேட்பது எந்தக் கல்லூரி நல்லது என்று இல்லை. நாளைக்கு அவள் பூசையை விட்டுவிட்டால், அவளை அனுப்பி வைத்த நான் கடவுளுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் உங்கள் மனசில் இருக்கிறது. அதற்குத்தான் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் குருவானவர் இல்லை. திருச்சபை வரலாறு படித்தவன், பிறகு பல வருடங்கள் இங்கே அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் கத்தோலிக்க மாணவர் மையத்தில் வேலை செய்தவன். நம் ஊர்ப் பிள்ளைகளையும், லத்தீன் பூசைக் குடும்பத்துப் பிள்ளைகளையும், விசுவாசத்தை விட்டவர்களையும், அங்கே வந்துதான் விசுவாசத்தைக் கண்டுபிடித்தவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் மகளை எனக்குத் தெரியாது, அதனால் அவளைப் பற்றி நான் சொல்வது பொதுவாகத்தான் இருக்கும். உங்கள் மனசாட்சி விஷயத்தில் கடைசி வார்த்தை உங்கள் பாவசங்கீர்த்தனக் குருவுடையது.

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவது தன்னளவில் பாவம் இல்லை. பூசை எங்கே, யாரோடு தங்குவாள், ஒரு சிக்கல் என்றால் எந்தக் குருவிடம் போவாள் என்று எதையும் பார்க்காமல், ரேங்க் பட்டியலை மட்டும் பார்த்து அனுப்புவது பெற்றோர் கடமையில் பெரிய குறை. இது நானாக உண்டாக்கிய நடுவழி இல்லை. திருச்சபை இதே கேள்வியை 150 வருடத்துக்கு முன்னால் சந்தித்து, தடை போட்டு, அந்தத் தடையோடு முப்பது வருடம் வாழ்ந்து பார்த்து, கடைசியில் வந்து சேர்ந்த இடம் இது.

முதலில் உங்கள் நண்பர்களுக்கு நியாயம் செய்துவிடுவோம், அவர்கள் ஆதாரமில்லாமல் பேசவில்லை. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1374ஆம் விதி, கத்தோலிக்கப் பிள்ளைகள் கத்தோலிக்கமல்லாத பள்ளிகளுக்கோ, மதச்சார்பற்ற பள்ளிகளுக்கோ, எல்லாரும் கலந்து படிக்கும் பள்ளிகளுக்கோ போகக் கூடாது என்கிறது. என்ன சூழ்நிலையில், என்ன பாதுகாப்போடு அதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்யும் அதிகாரம் ஆயருக்கு மட்டும். 1929இல் பதினோராம் பயஸ் 'திவினி இல்லியுஸ் மஜிஸ்த்ரி' என்ற சுற்றுமடலில் அதையே மறுபடி வலியுறுத்தினார். பிள்ளையை வளர்க்கும் உரிமை அரசுக்கு முன்னால் பெற்றோருக்கு இருக்கிறது என்று அந்த மடல் சொல்வதை இன்றைக்கும் எல்லாக் கத்தோலிக்கப் பெற்றோரும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பேன். ஆனால் அந்த 1374ஆம் விதி பேசுவது பள்ளிகளைப் பற்றி. பல்கலைக்கழகம் பற்றி அதே தொகுப்பில் 1379ஆம் விதி தனியாகப் பேசுகிறது, அதன் தொனி வேறு: பொதுப் பல்கலைக்கழகங்களில் கத்தோலிக்கப் போதனையும் உணர்வும் இல்லையென்றால், அந்த நாட்டில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் நிறுவப்படுவது விரும்பத்தக்கது, அவ்வளவுதான். இன்று நடப்பில் இருப்பது 1983ஆம் ஆண்டுத் தொகுப்பு. அதன் 798ஆம் விதி, கத்தோலிக்கக் கல்வி தரும் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேருங்கள், முடியாவிட்டால் பள்ளிக்கு வெளியே அந்தக் கல்வியைக் கொடுக்க நீங்கள் கடமைப்பட்டவர்கள் என்று பெற்றோரிடம் சொல்கிறது. 813ஆம் விதி ஆயர்களிடம், மாணவர்களுக்காக ஒரு பங்கையே நிறுவியாவது அவர்களைக் கவனியுங்கள், கத்தோலிக்கமல்லாத பல்கலைக்கழகங்களிலும் ஆன்ம உதவி தரும் மையங்கள் இருக்கும்படி பாருங்கள் என்கிறது. போகவே கூடாத இடத்தில் பங்கு அமைக்கச் சொல்லி யாரும் சட்டம் எழுத மாட்டார்கள். இதுவரை சொன்னதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

இங்கிலாந்தில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் பங்கு முற்றத்தில் பூசை முடிந்து நடக்கும் வாக்குவாதம் அப்படியே அங்கே நடந்திருக்கிறது. ஆக்ஸ்போர்டில் சேர வேண்டுமென்றால் ஆங்கிலிக்கன் சபையின் 39 கோட்பாடுகளை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டும், ஆக 1854 வரை கத்தோலிக்கர் அங்கே நுழையவே முடியாது. அந்தச் சட்டம் போனதும் வசதியுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் பையன்களை அனுப்ப ஆரம்பித்தன. அங்கேயே படித்து, அங்கேயே பாடம் நடத்தி, 1845இல் கத்தோலிக்கரான ஜான் ஹென்றி நியூமன் 1864இல் ஆக்ஸ்போர்டில் நிலம் வாங்கினார். பையன்கள் எப்படியும் வரப்போகிறார்கள், அவர்களுக்குப் பூசையும் பாவசங்கீர்த்தனமும் நல்ல பிரசங்கமும் நடந்து போகும் தூரத்தில் இருக்கட்டும் என்பது அவர் எண்ணம். பின்னால் கர்தினாலான மேனிங் எதிர்த்தார். மேனிங்கும் ஆக்ஸ்போர்டில் படித்துக் கத்தோலிக்கரானவர்தான். அந்த ஊரின் காற்று ஒரு இளைஞனின் விசுவாசத்தை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் என்று உள்ளே இருந்து பார்த்தவர், அவருடைய பயம் உண்மையான பயம். ரோம் அவர் பக்கம் நின்றது. 1867இல் விசுவாசப் பரப்புதலுக்கான பேராயம், அந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் போகிற ஒருவன் சாவான பாவத்தின் விளிம்பில் போய் நிற்காமல் இருப்பது ஏறத்தாழ முடியாத காரியம் என்ற அளவுக்கு எச்சரித்தது. நியூமன் திட்டத்தைக் கைவிட்டார். மேனிங் 1870களில் லண்டன் கென்சிங்டனில் மாற்றாக ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகக் கல்லூரியைத் தொடங்கினார், போதுமான மாணவர்கள் வராமல், கடனோடு அது சில வருடங்களிலேயே முடிந்துபோனது. அப்புறம் என்ன நடந்தது? சில குடும்பங்கள் தடையை மீறியோ தனி அனுமதி வாங்கியோ ஆக்ஸ்போர்டுக்கு அனுப்பிக்கொண்டேதான் இருந்தன, ஆனால் அங்கே கத்தோலிக்க மாணவர்களுக்கென்று நியமிக்கப்பட்ட குரு ஒருவர் கிடையாது. கீழ்ப்படிந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆக்ஸ்போர்டு தரும் கல்வி இல்லாமலே போனார்கள்.

மேனிங் 1892இல் இறந்தார். 1895இல், பதின்மூன்றாம் லியோ திருத்தந்தையாக இருந்த காலத்தில், கர்தினால் ஹெர்பர்ட் வானும் மற்ற ஆயர்களும் கேட்டுக்கொண்டதன்பேரில் ரோம் தடையை எடுத்தது. சும்மா எடுக்கவில்லை. போகிற பையன் அதற்கு முன்பே உறுதியான கத்தோலிக்க வளர்ப்புப் பெற்றிருக்க வேண்டும், அங்கே அவனைக் கவனிக்கக் குரு இருக்க வேண்டும், தத்துவமும் வரலாறும் மறையும் பற்றிக் கத்தோலிக்க ஆசிரியர்கள் அவனுக்குத் தொடர்ந்து வகுப்பு எடுக்க வேண்டும். அடுத்த வருடமே இயேசு சபையார் ஆக்ஸ்போர்டில் தங்கள் இல்லத்தைத் திறந்தார்கள், 1897இல் பெனடிக்டைன் துறவிகள் வந்தார்கள், 1926 முதல் 1939 வரை எழுத்தாளரான ரொனால்ட் நாக்ஸ் அங்கே மாணவர்களின் குருவாக இருந்தார். தடுக்கப்பட்ட அந்த நியூமனை 2019இல் திருச்சபை புனிதராக அறிவித்தது, 2025இல் திருச்சபையின் பெரிய ஆசிரியர்களுக்குத் தரும் மறைவல்லுநர் பட்டமும் கொடுத்தது. இவ்வளவு நீளமாக இதைச் சொல்வதற்குக் காரணம், அந்த நிபந்தனைகள்தான் இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கும் அளவுகோல். முன்பே வளர்ப்பு, பக்கத்தில் குரு, கூடவே படிப்பு. மூன்றும் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் கிடைத்தால் பயப்படாமல் அனுப்பலாம், ஒன்றும் கிடைக்காத இடம் பெயரளவில் கத்தோலிக்கக் கல்லூரியாகவே இருந்தாலும் நான் அனுப்ப மாட்டேன்.

அயர்லாந்தில் நடந்தது நர்சிங் என்று கேட்கிற உங்களுக்கு இன்னும் நேரடியாகப் பொருந்தும். 1845இல் பிரிட்டிஷ் அரசு பெல்ஃபாஸ்ட், கார்க், கால்வே மூன்று ஊர்களிலும் மதச்சார்பற்ற குயின்ஸ் கல்லூரிகளைத் தொடங்கியது. 1850இல் தர்ல்ஸ் ஆயர் மன்றம் அவற்றைக் கண்டித்தது, 1854இல் டப்ளினில் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது, அதன் தலைவராக அழைக்கப்பட்டவரும் நியூமன்தான். அரசு சாசனம் கொடுக்க மறுத்ததால் அதன் பட்டங்களுக்குச் சட்ட மதிப்பில்லை. மாணவர் எண்ணிக்கை உயரவே இல்லை, நியூமன் 1858இல் விலகினார். ஆனால் அதன் ஒரு பகுதி மட்டும் நன்றாகத் தழைத்தது, சிசிலியா தெருவில் இருந்த மருத்துவப் பள்ளி. மருத்துவர்களுக்கு உரிமம் தரும் அமைப்புகள் அங்கே படித்த படிப்பை ஏற்றுக்கொண்டன, அதனால் மாணவர்கள் வந்தார்கள், பிறகு அதுவே டப்ளின் யுனிவர்சிட்டி காலேஜின் மருத்துவப் பள்ளியாகவும் ஆனது. உரிமம் வாங்கித்தான் தொழில் செய்ய முடியும் என்கிற படிப்பில், அங்கீகாரம் இல்லாத மாற்று வழி எவ்வளவு பக்தியோடு நடத்தப்பட்டாலும் பிள்ளையைப் பாதியில்தான் கொண்டுபோய் விடும்.

பெண்பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கூடாது என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே வருகிறது. இந்தக் கருத்து லத்தீன் பூசை வட்டாரத்தில் பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம், பழைய பூசையை மட்டும் நடத்தும் குருக்களின் அமைப்பான பத்தாம் பயஸ் சபையில் அப்போது ஆயராக இருந்த ரிச்சர்ட் வில்லியம்சன் 2001 செப்டம்பரில் எழுதிய ஒரு கடிதம். அது அவருடைய கருத்து. சுற்றுமடலும் இல்லை, மன்றத் தீர்மானமும் இல்லை, அவரையே அந்தச் சபை 2012இல் வெளியேற்றியது. பழைய மரபு என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அன்று திருத்தந்தையின் ஆட்சியில் இருந்த இத்தாலிய நகரமான பொலோஞ்யாவைப் பாருங்கள். 1732இல் அங்கே லௌரா பாஸ்ஸி பட்டம் பெற்றுப் பல்கலைக்கழக ஆசிரியையும் ஆனார், பதினான்காம் பெனடிக்ட் அவருக்கு ஆதரவாக இருந்தார். அதே திருத்தந்தை 1750இல் மரியா கயெத்தானா அஞ்யேசியை அங்கே கணிதப் பதவிக்கு நியமித்தார். நம் காலத்துக்கு வந்தால் ஜியான்னா பெரெத்தா மோல்லா: இத்தாலியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படித்தவர், 1949இல் பட்டம், 1952இல் குழந்தை மருத்துவத்தில் சிறப்புத் தகுதி, கல்யாணம், பிள்ளைகள், வேலை எல்லாம் சேர்ந்து ஒரு வாழ்க்கை, 2004இல் புனிதர் பட்டம். அவருடைய மருத்துவப் படிப்பு அவருடைய புனிதத்துக்குத் தடையாக இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா? உங்கள் மகள் கல்யாணம் செய்துகொண்டு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்க விரும்பினால் அது அழகான காரியம், அதற்காகப் படிப்பு வீணாகப் போகாது. அதை அவள்மேல் திருச்சபையின் கட்டளை என்று சுமத்துவது பொய்.

சரி, மாற்று வழிகள் எப்படி இருக்கின்றன? நம் ஊரில் லயோலா, பாளையங்கோட்டை சேவியர்ஸ், திருச்சி ஜோசப்ஸ் என்று சாமியார்கள் நடத்தும் கல்லூரி என்றால் ஒரு நிம்மதி உண்டு, கட்டுப்பாடு இருக்கும், பிள்ளையைக் கண்ணில் வைத்துப் பார்ப்பார்கள் என்று. அந்த நினைப்பை அப்படியே இங்கே பொருத்தாதீர்கள். 1967இல் விஸ்கான்சினில் லேண்ட் ஓ லேக்ஸ் என்ற இடத்தில் நோட்ர டாம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவர் தியடோர் ஹெஸ்பர்க் முன்னின்று கூட்டிய கூட்டத்தில், கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தனக்கு வெளியே இருக்கும் எந்த அதிகாரத்துக்கும், குருக்கள் தரப்பாக இருந்தாலும், கட்டுப்படாமல் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியானது. அதன்பிறகு பல பெரிய கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் ஆயர்களிடமிருந்து வெகுதூரம் விலகிப் போயின. 1990இல் இரண்டாம் யோவான் பவுல் 'எக்ஸ் கோர்தே எக்லேசியே' வழியாகக் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார், ஆசிரியர்களில் கத்தோலிக்கர் அல்லாதவர் பெரும்பான்மையாகிவிடக் கூடாது என்றார். சில இடங்களில் பலன் இருந்தது, சில இடங்களில் இல்லை. ஆகவே வாசலில் சிலுவை இருப்பதை வைத்து முடிவெடுக்க முடியாது.

அந்த விலகலைப் பார்த்து வெறுத்துப்போய்த் தொடங்கப்பட்டவைதான் உங்கள் நண்பர்கள் சொல்லும் சின்னக் கல்லூரிகள். கலிபோர்னியாவில் தாமஸ் அக்வினாஸ் கல்லூரி 1971இல் தொடங்கியது. அங்கே மேஜர் (தனிப் பாடப்பிரிவு) என்று ஒன்றே கிடையாது, விரிவுரை கிடையாது, எல்லாப் பிள்ளைகளும் யூக்ளிடையும் அரிஸ்டாட்டிலையும் புனித தாமஸையும் மூல நூலிலேயே படித்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து விவாதிப்பார்கள். வர்ஜீனியாவில் கிறிஸ்டெண்டம் 1977இல் வந்தது, மத்திய அரசின் பணத்தையே வாங்காத கல்லூரி. அங்கே படித்து வந்தவர்களோடு பேசியிருக்கிறேன், தெளிவாக யோசிக்கிறார்கள், ஜெபிக்கத் தெரிந்திருக்கிறது. இந்தக் கல்வி எல்லாருக்கும் கிடைக்கவில்லையே என்று நான் உண்மையாகவே வருத்தப்படுகிறேன். ஆனால் இந்த இரண்டிலும் படித்து நர்ஸ் ஆக முடியாது. நான்கு வருடம் முடித்து, மறுபடி நர்சிங்குக்குத் தனியாகப் படிக்க வேண்டும், அதற்கு நேரமும் பணமும் இருந்தால் அருமையான வழி, இல்லையென்றால் இல்லை. சின்னக் கல்லூரிகளுக்கு இன்னொரு ஆபத்து, அவை மூடப்படலாம். நியூ ஹாம்ப்ஷயரில் மக்தலன் கல்லூரி 1973 முதல் இருந்தது, 2024இல் மூடப்பட்டது. உடல் உழைப்புத் தொழில் பிடிக்கிற பையன்களுக்கு ஸ்டூபன்வில்லில் புனித யோசேப்பு பெயரில் 2024இல் ஒரு கல்லூரி தொடங்கியிருக்கிறது, தச்சும் மின்வேலையும் ஒரு பக்கம், கத்தோலிக்கப் பாடங்கள் ஒரு பக்கம். உங்கள் இளைய மகனுக்கு வேண்டுமானால் அதை யோசித்துப் பாருங்கள். உங்கள் மகளுக்கு நேராகப் பொருந்துவது, விசுவாசத்திலும் உறுதியாக நின்று நர்சிங் பட்டமும் தரும் இடங்கள்: ஒஹாயோவில் ஸ்டூபன்வில் பிரான்சிஸ்கன் பல்கலைக்கழகம், கான்சாஸில் பெனடிக்டைன் கல்லூரி, வடக்கு டகோட்டாவில் யுனிவர்சிட்டி ஆஃப் மேரி, ஃபுளோரிடாவில் ஆவே மரியா. பணம் கட்ட முடிந்தால் என் முதல் தேர்வு இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

முடியாவிட்டால்? அரசு நடத்தும் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் நடந்ததைச் சொல்லாமல் போக முடியாது. 1970களில் ஜான் சீனியர், டெனிஸ் குவின், ஃப்ராங்க் நெலிக் என்று மூன்று பேராசிரியர்கள் அங்கே கலை இலக்கியம் சார்ந்த ஒரு பாடத்திட்டம் (ஹியூமானிட்டீஸ்) நடத்தினார்கள். பிள்ளைகளைக் கவிதை மனப்பாடம் செய்ய வைத்தார்கள், இரவில் நட்சத்திரம் பார்க்கக் கூட்டிப்போனார்கள், ஹோமரையும் அகுஸ்தினாரையும் அவர்கள் முன்னால் பேசிக் காட்டினார்கள். மதப் பிரசங்கமே இல்லை, ஆனாலும் ஏராளமான மாணவர்கள் கத்தோலிக்கரானார்கள். சிலர் பிரான்சில் ஃபோங்கொம்போ மடத்துக்குத் துறவிகளாகப் போனார்கள். அந்த மடத்திலிருந்து 1999இல் ஓக்லஹோமாவில் கிளியர் கிரீக் மடம் பிறந்தது, பழைய முறைப்படி லத்தீன் பூசை நடக்கும் மடம், உங்கள் நண்பர்கள் கட்டாயம் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் மறைமாவட்டத்தின் ஆயர் ஜேம்ஸ் கான்லி அந்தப் பாடத்திட்டத்தில் மாணவராக இருந்தபோது கத்தோலிக்கரானவர். இவ்வளவும் மதச்சார்பற்ற அரசுப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அதே பல்கலைக்கழகம், பிள்ளைகள் இப்படி மதம் மாறுகிறார்களே என்ற கூச்சல் எழுந்தபிறகு, 1979இல் அந்தத் திட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்தது என்பதும் உண்மை. உங்கள் நண்பர்கள் சொல்லும் பகைமை கற்பனை இல்லை.

இனி நிச்சயமில்லாத பகுதிக்கு வருகிறேன். பல்கலைக்கழகம்தான் விசுவாசத்தைக் கொல்கிறது என்பதை எல்லாரும் தெரிந்த உண்மை மாதிரி சொல்கிறார்கள். அமெரிக்காவில் 2009இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட அறிக்கையில், கத்தோலிக்கராக வளர்ந்து இன்று எந்த மதமும் இல்லை என்கிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 18 வயதுக்கு முன்பே விட்டுவிட்டவர்கள். இன்னும் பத்தில் மூன்று பேர் 18க்கும் 23க்கும் நடுவில். 2007இல் வந்த இன்னொரு சமூகவியல் ஆய்வு, கல்லூரிக்கே போகாத இளைஞர்கள், கல்லூரிக்குப் போனவர்களைவிட அதிகமாக வழிபாட்டைக் கைவிட்டதாகக் காட்டியது. இதை வைத்துக் கல்லூரி பாதுகாப்பானது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த ஆய்வுகள் எல்லாவகைக் கிறிஸ்தவக் குடும்பங்களையும் சேர்த்துப் பார்த்தவை, தினமும் ஜெபமாலை சொல்லும் உங்களைப் போன்ற குடும்பத்தைத் தனியாகப் பார்த்தவை இல்லை. அதோடு கல்லூரிக்குப் போகிறவர்களும் போகாதவர்களும் வேறு பல விஷயங்களிலும் வேறுபடுகிறார்கள். ஒன்று மட்டும் துணிந்து சொல்லலாம், வீட்டில் வைத்துக்கொண்டால் விசுவாசம் காப்பாற்றப்படும் என்பதற்கு அந்த எண்களில் ஆதாரம் இல்லை. பாதிச் சேதம் நம் வீட்டுக் கூரையின் கீழேயே நடந்து முடிகிறது.

மாணவர் மையத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன், இதை ஓர் அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நாத்திகப் பேராசிரியரின் வாதத்தில் தோற்று விசுவாசத்தை விட்ட பிள்ளை அபூர்வம். முதல் மாதத்தில் ஒரு ஞாயிறு தூங்கிவிடுவது, அடுத்த ஞாயிறு கூச்சம், பிறகு ஒரு பாவம், அதைச் சொல்லப் பழக்கமான குரு இல்லாமை, அப்படியே நழுவிப் போவதுதான் அதிகம். அறைத் தோழி யார், வெள்ளி இரவு எங்கே போகிறாள் என்பவை பாடத்திட்டத்தைவிட அதிகமாகத் தீர்மானிக்கின்றன. லத்தீன் பூசைக் குடும்பத்துப் பிள்ளைகளில் எனக்கு அதிகக் கவலை கொடுத்தவர்கள், வீட்டில் ஒரு கேள்விகூடக் கேட்க அனுமதிக்கப்படாமல் வளர்ந்தவர்கள். அவர்களுக்கு வெளியில் கேட்ட முதல் எதிர்க் கேள்வியே பூகம்பமாக இருந்தது. வீட்டிலேயே கலிலேயோ, சிலுவைப் போர், குருக்களின் பாலியல் குற்றங்கள் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேசிப் பழகிய பிள்ளைகள் பெரும்பாலும் நின்றார்கள். உங்கள் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் வீட்டில் இருக்கிறது. எந்தக் கல்லூரி என்பதைவிட அந்த ஒரு வருடத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நர்சிங் விஷயத்துக்கு வருவோம். பதிவு பெற்ற நர்ஸ் ஆக என்கிளெக்ஸ் தேர்வு எழுத வேண்டும், அதை எழுத மாநில நர்சிங் வாரியம் ஒப்புதல் கொடுத்த இடத்தில் படித்திருக்க வேண்டும். டெக்சாஸ் வாரியத்தின் பட்டியல் இணையத்திலேயே இருக்கிறது, அதைப் பார்க்காமல் எந்த இடத்துக்கும் முன்பணம் கட்டாதீர்கள். பலருக்கும் தோன்றாத ஒரு வழி, பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட நர்சிங் பட்டம். வீட்டிலிருந்தே போய்வரலாம், செலவு குறைவு, உங்கள் பங்கும் நண்பர்களும் அப்படியே இருப்பார்கள். உரிமம் வாங்கியபிறகு நான்கு வருடப் பட்டமாக உயர்த்திக்கொள்ளலாம். 'மாற்று வழி' என்று எல்லாரும் தேடும்போது இது கண்ணில் படுவதில்லை, உங்கள் நிலையில் இதைக் கட்டாயம் எடைபோட வேண்டும்.

மனசாட்சிப் பிரச்சினை உண்மையில் வரக்கூடிய இடம் வகுப்பறை இல்லை, மருத்துவமனைப் பயிற்சி. கருக்கலைப்பிலோ கருத்தடை அறுவையிலோ பங்கெடுக்க மறுக்கும் உரிமையை 'சர்ச் திருத்தம்' என்ற மத்திய சட்டம் 1973 முதல் கொடுக்கிறது (சர்ச் என்பது அதைக் கொண்டுவந்த செனட்டரின் பெயர்). இப்படித் தயங்குகிறார் என்பதற்காகப் பயிற்சியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்றும் பின்னால் அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் மீறினால் தனிநபர் நேராக வழக்குப் போட நீதிமன்றங்கள் இடம் கொடுக்கவில்லை, சுகாதாரத் துறையிடம் புகார் கொடுக்கத்தான் முடியும். டெக்சாஸில் 2022 முதல் கருக்கலைப்பு அநேகமாக முழுவதும் தடை என்பதால் அந்தச் சிக்கல் உங்களுக்குக் குறைவு. கருத்தடை மாத்திரை பற்றி நோயாளிக்கு விளக்கம் கொடுப்பது போன்றவை அவ்வளவு தெளிவானவை இல்லை. எது பாவத்தில் உடன்படுவது, எது தூரத்து ஒத்துழைப்பு என்று நீதிநெறி இறையியல் நுணுக்கமாகப் பிரிக்கிறது, அதை ஒரு நல்ல குருவிடம் உட்கார்ந்து முன்கூட்டியே பேசிக்கொள்ளட்டும்.

விசா விஷயத்தை லேசாக எடுக்காதீர்கள். பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4இல் இருக்கும் பிள்ளைக்கு 21 வயதானால் அந்தத் தகுதி போய்விடும், கிரீன் கார்டு அதற்குள் வராவிட்டால் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டியிருக்கும். நான்கு வருடப் படிப்பில் அது நடுவில் வந்து விழும். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் அரசு அனுமதியும் அந்த விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவம் தரும் தகுதியும் எல்லாச் சின்னக் கல்லூரிகளுக்கும் இருப்பதில்லை, அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983 தொகுப்பின் 644ஆம் விதி, திருப்பிக் கட்ட முடியாத கடன் உள்ளவர்களை துறவறப் பயிற்சியின் முதல் படியான நவதுறவகத்தில் சேர்க்கக் கூடாது என்கிறது. உங்கள் மகளுக்குத் துறவற அழைத்தல் இருந்தால், விசுவாசத்தைக் காப்பாற்றுவதற்காக வாங்கிய பெரிய கல்விக்கடனே அவளை வாசலில் நிறுத்திவிடும். இப்படிப்பட்டவர்களுக்கு உதவ லபூரே சொசைட்டி என்று ஓர் அமைப்பே இங்கே இயங்குகிறது என்றால் பிரச்சினை எவ்வளவு பரவலானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே கத்தோலிக்கக் கல்லூரியின் உதவித்தொகைக் கடிதம் கைக்கு வரும்வரை முடிவைத் தள்ளிவையுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகம் என்று முடிவானால், டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஊரில் இருக்கும் புனித மரியா மையத்தைப் போய்ப் பாருங்கள். அங்கிருந்து குருமடத்துக்கும் கன்னியர் மடங்களுக்கும் போனவர்கள் நிறைய. உங்களுக்கு வழக்கமான லத்தீன் பூசை எல்லா இடத்திலும் பக்கத்தில் இருக்காது, பழைய பூசைக்கு 2021இல் ரோம் போட்ட கட்டுப்பாடுகளுக்குப் பிறகு இடமும் நேரமும் மாறிக்கொண்டே இருக்கின்றன, அதனால் போன வருடத் தகவலை நம்பாமல் நேராக விசாரியுங்கள். மாதம் ஒருமுறை காரில் போய் வரும் தூரம் என்றால்கூடப் போதும் என்பேன், மற்ற ஞாயிறுகளில் மையத்தில் பயபக்தியோடு நடக்கும் பூசைக்குப் போகட்டும். இதில் உங்கள் நண்பர்கள் சிலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள், தெரியும். போகும்போது கல்லூரிக்காரர்கள் ஏற்பாடு செய்யும் வாரநாள் சுற்றிக்காட்டலோடு திரும்பிவிடாதீர்கள், ஞாயிறும் சேர்த்துத் தங்குங்கள். பாவசங்கீர்த்தனம் வாரத்தில் எத்தனை நாள், குரு மையத்திலேயே தங்குகிறாரா, பெண்பிள்ளைகள் சேர்ந்து தங்கும் கத்தோலிக்க வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் அங்கே நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தியிடம் உங்கள் மகளைத் தனியாகப் பேச விடுங்கள், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். சனி ஞாயிறு மருத்துவமனைப் பயிற்சி விழும் வாரங்களில் பூசைக்கு எப்படிப் போகிறாய் என்று அவளே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.